படை வீரனும் குற்றவாளிக் கூண்டும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த நார்த் கரோலினா ராஜ்யத்தில் ஃபாயட்வில் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஃபோர்ட் பிராக் என்னும் பெரிய படைத்தளத்தை அடுத்திருப்பதால், அவ்வூரில் சிப்பாய்களும் முன்னாள் சிப்பாய்களும் ஏராளம். 2016-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அங்கே லூ ஒலிவேரா என்னும் நீதிபதி, தம் முன் நின்ற ஒரு முன்னாள் சார்ஜெண்டுக்கு ஒரு நாள் சிறைவாசம் விதித்தார். குடித்துவிட்டு மோட்டார் ஓட்டிய குற்றத்திற்காக அம்மனிதர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருந்துவந்தவர். சிறுநீர்ப் பரிசோதனை விஷயத்தில் பொய் சொல்லிவிட்டு, பின்பு தாமே அதை ஒப்புக்கொண்டார். தண்டனை சிறியதே. ஆனால் இவர் 2008-ல் ஆப்கானிஸ்தானத்தில் காந்தஹார் பிரதேசத்தில் கவச வண்டியொன்று கால்வாயில் கவிழ்ந்தபோது அதற்குள் அகப்பட்டவர். உடனிருந்த மூவரும் மூழ்கி மாண்டனர். நீர் தமது மோவாய் மட்டும் ஏறி நின்றதால் இவர் ஒருவர்தாம் உயிர் தப்பினார். இப்படிப்பட்டவரை நான்கு சுவர்களுக்குள் தனியே வைத்துப் பூட்டினால் அந்த இரவு எப்படிக் கழியும்?

நீதிபதி ஒலிவேராவும் வளைகுடா யுத்தத்தில் சேவை செய்தவர். விதித்த தண்டனையை ரத்து செய்ய அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. அம்மனிதரைத் தனியே அனுப்பவும் இடங்கொடுக்கவில்லை. ஆகவே தம் வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு அடுத்த கவுண்டியின் சிறைக்குச் சென்று, அதே அறைக்குள் தாமும் புகுந்து, அன்றிரவு முழுவதையும் அவருடனேயே கழித்தார்.

இச்செய்தி அப்போது உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. ஒரு தர்மவானின் இரக்கம் என்று எல்லோரும் வியந்தார்கள். இரக்கம்தான், அதில் ஆட்சேபமில்லை. ஆனால் வக்கீல் தொழில் பழகியவர்களுக்கு இதில் வேறொரு விஷயம் கண்ணில் படும். தம் முன் நிற்கும் குற்றவாளி எட்டு வருஷங்களுக்கு முன் எந்தக் கால்வாயில் எவ்வளவு ஆழத்தில் அகப்பட்டுக்கொண்டான் என்பது சாதாரணமாக ஒரு நீதிபதிக்கு எப்படித் தெரியும்? போலீஸ் அறிக்கையில் அது இராது. குற்றப் பத்திரிகையிலும் இராது. குடித்திருந்தானா, வண்டியை ஓட்டினானா என்ற இரண்டு கேள்விகளோடு சட்டத்தின் ஆராய்ச்சி முடிந்துவிடும். ஒலிவேராவுக்கு அது தெரிந்திருந்ததற்குக் காரணம், அவர் நடத்தியது சாதாரண நீதிமன்றமன்று. படை வீரர்களுக்கென்றே ஏற்பட்ட சிகிச்சை நீதிமன்றம். அங்கே அதே குற்றவாளி அதே நீதிபதியின் முன் பலமுறை வந்து நின்றிருக்கிறார். இத்தகைய நீதிமன்றங்கள் இன்று அமெரிக்காவில் 500-க்கு மேல் நடைபெறுகின்றன. இவை எப்படித் தோன்றின, எவ்வாறு நடக்கின்றன, யாரைக் காக்கின்றன, யாரைக் கைவிடுகின்றன என்பவை ஆராயத் தக்கவை.

அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்து நீதிபதிகள் 2004-லேயே படை வீரர் வழக்குகளைப் பிரித்து விசாரிக்கத் தொடங்கினார்கள். எனினும், மற்ற ஊர்கள் பார்த்துப் பின்பற்றும் மாதிரியாக அமைந்தது நியூயார்க் ராஜ்யத்தில் பஃபலோ நகரத்து நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் 2008 ஜனவரியில் நிறுவிய நீதிமன்றமே. ரஸ்ஸல் அதற்கு முன்பே போதைப் பழக்கத்திற்கு அடிமையானவர்களுக்கும் மனநோயாளிகளுக்கும் தனி நீதிமன்றங்களை நடத்திவந்தவர். போதை நீதிமன்றம் என்பது 1989-ல் மயாமி நகரத்தில் பிறந்த ஏற்பாடு. ஒருவனைச் சிறைக்கு அனுப்பி, அவன் வெளியே வந்து மறுபடியும் போதையில் விழுந்து, மறுபடியும் பிடிபட்டு வருவதைப் பார்த்துச் சலித்துப்போன நீதிபதிகள் கண்டுபிடித்த வழி அது.

பஃபலோவில் இப்புதிய யோசனை பிறந்த கதையை ரஸ்ஸலே பலமுறை கூறியிருக்கிறார். 2006-ல் வியட்நாம் யுத்தத்தில் சேவித்த ஒருவர் அவர் முன் நின்றார். கேட்ட கேள்விக்குப் பதிலில்லை, தலை நிமிரவில்லை, சிகிச்சையிலும் முன்னேற்றம் இல்லை. நீதிபதிக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்று நீதிமன்றத்தில் அவருடன் பணி செய்துவந்தவர்களில் இருவர் வியட்நாமில் இருந்தவர்கள். அவர்களைக் கூப்பிட்டு, இம்மனிதரோடு வெளியே போய்ச் சிறிது பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். மூவரும் தாழ்வாரத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ! திரும்பி வந்தபோது அவர் முதுகை நிமிர்த்தி, கைகளைப் பின்னே கோத்து, அணிவகுப்பில் நிற்பவரைப் போல நின்றார். நீதிபதியை நேரே பார்த்து, இனி முயற்சி செய்கிறேன் என்றார். டாக்டர்களும் உத்தியோகஸ்தர்களும் மாதக்கணக்கில் சாதிக்க முடியாததை இரண்டு பழைய சிப்பாய்கள் சில நிமிஷங்களில் சாதித்துவிட்டார்கள். அப்படியானால் இவர்களையெல்லாம் ஒரே நாளில், ஒரே மன்றத்தில் கூட்டினால் என்ன என்பதே ரஸ்ஸலின் கேள்வி.

அப்போது ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் படைகள் திரும்பிவந்த காலம். ராண்ட் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2008-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவ்விரு யுத்தங்களுக்கும் அதுவரை அனுப்பப்பட்ட சுமார் 16 லட்சத்து 40 ஆயிரம் பேரில் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு அதிர்ச்சியால் விளைந்த மனக்கோளாறோ, கடும் மனச் சோர்வோ இருந்தது. சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேர் குண்டு வெடிப்பு முதலியவற்றால் மூளையில் அடிபட்டிருக்கக்கூடும் என்றும் அது கணக்கிட்டது. கை, கால் இழந்தவனைத் தெருவில் கண்டால் யாரும் எழுந்து இடங்கொடுப்பார்கள். மூளைக்குள் இருக்கும் காயத்தைக் கண்டு யார் எழுந்திருப்பார்கள்? தூக்கம் வராமல் குடிக்கிறான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறான். பட்டாசு வெடித்தால் பாய்ந்து பக்கத்திலிருப்பவனை அடிக்கிறான். ஊரார் கண்ணுக்கு அவன் குடிகாரன், முரடன். போலீஸாரின் குறிப்பிலும் அப்படியேதான் எழுதப்படும்.

இவ்விதம் காயத்தைக் குற்றமாகப் படித்த வரலாறு நீண்டது. முதல் மகாயுத்தத்தில் ஓடிப்போனதற்காகவும் கோழைத்தனத்திற்காகவும் பிரிட்டிஷ் ராணுவம் தன் சொந்தச் சிப்பாய்களையே விடியற்காலையில் நிறுத்திச் சுட்டது. அவர்களில் 306 பேருக்கு 2006-ம் வருஷத்து ஆயுதப் படைச் சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கப்பட்டது. தொண்ணூறு வருஷங்களுக்குப் பின் வந்த மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள எவன் இருந்தான்? வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் விஷயமும் இதைப்போன்றதே. அவர்களுடைய நோய்க்கு அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் தங்கள் அதிகாரபூர்வமான நூலில் ஒரு பெயர் கொடுத்து இடமளித்தது 1980-ல்தான். அதற்குள் சிறைகள் நிரம்பிவிட்டன. 1978-ல் ராஜ்யச் சிறைகளிலும் மத்திய சர்க்கார் சிறைகளிலும் இருந்தவர்களில் நூற்றுக்கு 24 பேர் முன்னாள் படை வீரர்கள் என்று அமெரிக்க நீதி இலாகாவின் புள்ளி விவரம் சொல்கிறது.

இனி நீதிமன்றம் நடக்கும் முறையைப் பார்ப்போம். கைதான ஒருவனிடம், படையில் சேவித்ததுண்டா என்று முதலிலேயே கேட்கிறார்கள். சிறிய கேள்வி; ஆனால் பல ஊர்களில் நெடுங்காலம் அதைக் கேட்பாரில்லை. உண்டு என்று அவன் சொல்லி, வைத்தியர்கள் அவனைப் பார்த்து, போதையோ மனக்கோளாறோ இருப்பதாகக் கண்டால், சர்க்கார் வக்கீலின் சம்மதத்துடன் அவனுடைய வழக்கு இந்நீதிமன்றத்திற்கு மாற்றப்படும். அவன் விரும்பினால்தான், கட்டாயமில்லை. பெரும்பாலான இடங்களில் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்று முதல் இரண்டு வருஷ காலம் அவன் அடிக்கடி, தொடக்கத்தில் வாரந்தோறும் அல்லது இரு வாரத்திற்கொரு முறை, நீதிபதியின் முன் வந்து நிற்க வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. சிகிச்சைக்குப் போகத் தவறினால் நீதிபதியின் கண்டனம், சமூகப் பணி, ஒன்றிரண்டு நாள் சிறை என்று படிப்படியாகத் தண்டனை உண்டு. ஒழுங்காக வந்தால் பகிரங்கமாகப் பாராட்டும் உண்டு. நீதிமன்றத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். நமது நீதிமன்றங்களில் கைதட்டினால் டவாலிச் சேவகன் வெளியே தள்ளிவிடுவான்! கடைசிவரை நின்றவனுக்கு அவ்வவ்விடத்து ஏற்பாட்டின்படி வழக்கு தள்ளுபடியாகும், அல்லது குற்றத்தின் தரம் குறைக்கப்படும், அல்லது சிறைவாசம் இல்லாமற் போகும்.

இதுவரை சொன்னது போதை நீதிமன்றங்களுக்கும் பொது. படை வீரர் நீதிமன்றத்திற்கென்று தனியே உள்ளவை இரண்டு. ஒன்று, பஃபலோவின் தாழ்வாரத்தில் பிறந்த ஏற்பாடு: ஒவ்வொருவனுக்கும் சம்பளமில்லாத ஒரு வழித்துணை. அவரும் முன்னாள் படை வீரர். கூடியவரை அதே படைப் பிரிவைச் சேர்ந்தவர். அதே யுத்தத்தைப் பார்த்தவர். அவர் உத்தியோகஸ்தருமல்ல, வக்கீலுமல்ல. அவனுக்குத் தூக்கம் வராத இரவில் டெலிபோனை எடுப்பதும், நீதிமன்றத்திற்கு வண்டியில் அழைத்துவருவதும், வீட்டு வாடகைக்கு வழிதேட உதவுவதும் அவர் வேலை. டாக்டரிடம் மறைப்பதை அவனால் இவரிடம் மறைக்க முடியாது. படையில் கற்ற ஒழுங்கு, தன்னோடு நின்றவனைக் கைவிடலாகாது என்ற பழக்கம், கட்டளைக்கு நிமிர்ந்து நிற்பது ஆகிய இவையெல்லாம் அவனுக்குள் அழிந்துபோகவில்லை; உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை எழுப்புவதே இந்தத் தந்திரம்.

இரண்டாவது, படைவீரர் நல இலாகாவின் பிரதிநிதி ஒருவர் நீதிமன்றத்திலேயே உட்கார்ந்திருப்பது. 2009 முதல் அவ்விலாகா இதற்கென்றே உத்தியோகஸ்தர்களை நியமித்துவருகிறது. நீதிபதி, இவனுக்குப் படுக்கையுள்ள சிகிச்சை நிலையம் வேண்டும் என்றால், விசாரணை முடிவதற்குள் இவர் இடம் பார்த்துச் சொல்லிவிடக் கூடும். சிகிச்சைச் செலவு மத்திய சர்க்காருடையது. கவுண்டியின் கஜானாவுக்கு அதனால் பாரமில்லை. இவ்வேற்பாடு இவ்வளவு விரைவில் ஊர் ஊராகப் பரவியதற்கு தேசபக்தியோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2020 ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி, இந்நீதிமன்றங்களுக்கு உதவி செய்யும் பொறுப்பை நீதி இலாகாவின் மேல் ஏற்றியது.

சிறைக்குப் போவதால் படை வீரன் இழப்பது சுதந்திரத்தை மாத்திரமன்று என்பதையும் கவனிக்க வேண்டும். கொடிய குற்றத்திற்காகத் தண்டனை பெற்று 60 நாட்களுக்கு மேல் சிறையில் இருப்பவனுக்கு, யுத்தத்தில் ஏற்பட்ட ஊனத்திற்காகச் சர்க்கார் தரும் மாத உதவித் தொகை மிகச் சிறிய அளவுக்குக் குறைக்கப்படும். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் பொறுப்பும் நல இலாகாவிடமிருந்து சிறை அதிகாரிகளிடம் போய்விடும். அதாவது, காயம்பட்டவனை அக்காயத்துக்குப் பழக்கமான வைத்தியரிடமிருந்து பிரித்து, அதை அறியாதவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். வெளியே வரும்போது அவன் கையில் பணமும் இராது, வீடும் இராது. இந்தச் சங்கிலியை முதல் கணுவிலேயே அறுப்பது புத்திசாலித்தனம் என்பதில் சந்தேகமில்லை.

பலன் என்ன? நல இலாகாவின் உதவியோடு 2010 முதல் 2015 வரை இந்நீதிமன்றங்களில் சேர்ந்த 7,931 பேரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சராசரியாக ஏறக்குறைய ஒரு வருஷம் அவர்கள் ஏற்பாட்டில் இருந்தார்கள். அக்காலத்தில் மறுபடியும் சிறை புகுந்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். சொந்த இருப்பிடம் பெற்றவர்களின் விகிதம் நூற்றுக்கு 10 கூடியது. சர்க்கார் உதவித் தொகை பெறுவோர் விகிதம் நூற்றுக்கு 12 கூடியது. ஆனால் வேலையில் அமர்ந்தவர்களின் விகிதமோ நூற்றுக்கு ஒன்றுதான் கூடியது. இந்தக் கடைசி எண்ணை நாம் மறைக்க விரும்பவில்லை. குடியை நிறுத்தி, கூரையின் கீழ் சேர்த்து, நீதிபதி கைகுலுக்கி வழியனுப்பிய மனிதன் மறுநாள் காலையில் எங்கே போவான் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தால் மட்டும் விடை சொல்ல முடியவில்லை.

நியாயவாதிகளின் ஆட்சேபணைகளுக்கு வருவோம். முதல் ஆட்சேபணை சமத்துவத்தைப் பற்றியது. ஒரே தெருவில், ஒரே இரவில், ஒரே குற்றத்தைச் செய்த இருவரில் ஒருவன் முன்பு ராணுவ உடை அணிந்தவன் என்பதற்காக ஆஸ்பத்திரிக்கும், மற்றவன் சிறைக்கும் போவதா? சிறு வயதில் தகப்பனிடம் அடிபட்டே மூளை கலங்கியவனும் அதிர்ச்சியால் நோயுற்றவன்தானே? சட்டம் மனிதனைப் பார்த்துச் சலுகை தரக்கூடாது, செயலைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று பிரஜா உரிமைச் சங்கத்தார் சில ராஜ்யங்களில் இந்நீதிமன்றச் சட்டங்களை எதிர்த்து வாதாடினார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. நாம் கற்ற சட்டமும் இதைத்தான் சொல்கிறது.

இதற்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வேறொரு வழக்கில் ஒருவாறு விடை கூறியிருக்கிறது. போர்ட்டர் என்பவர் கொரிய யுத்தத்தில் மிகக் கடுமையான இரண்டு சண்டைகளில் நின்றவர், காயம்பட்டவர், பதக்கங்கள் பெற்றவர். பிற்காலத்தில் புளோரிடாவில் இரண்டு பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. யுத்தத்திலிருந்து திரும்பிய பின் அவர் இரவில் கத்தியோடு படுக்கையறைச் சுவரில் ஏற முயன்றதும், பயங்கரக் கனவுகளால் வருந்தியதும் தண்டனையை நிச்சயித்த ஜூரிகளுக்குச் சொல்லப்படவேயில்லை. அவருடைய வக்கீல் அவற்றை விசாரித்து அறியவேயில்லை. 2009 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், இது வக்கீலின் கடமைத் தவறு என்று தீர்மானித்தது. யுத்தத்தில் முன்னணியில் நின்றவர்களுக்குத் தண்டனை விதிக்கும்போது இரக்கம் காட்டுவது அந்நாட்டில் வெகுகாலமாக உள்ள சம்பிரதாயம் என்றும், பதக்கத்தை மட்டுமல்ல, அந்த யுத்தம் மனிதனுடைய மனத்தையும் உணர்ச்சியையும் என்ன செய்தது என்பதையும் ஜூரிகள் நிறுத்துப் பார்த்திருக்கக் கூடும் என்றும் அது கூறியது. இந்த இரண்டாவது நியாயமே நமக்குச் சரியாகப் படுகிறது. வீரத்துக்குக் கொடுக்கும் பரிசாக இரக்கத்தை வைத்தால் சமத்துவ வாதம் வென்றுவிடும். ராஜ்யம் ஒருவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போய், கொல்லப் பழக்கி, அதனால் அவனுக்கு நோய் உண்டாக்கித் திருப்பி அனுப்பிவிட்டு, பிறகு அதே ராஜ்யமே வாதியாக வந்து அவன்மேல் குற்றம் சாட்டுகிறது என்று பார்த்தால், வாதியின் பொறுப்பையும் கணக்கில் எடுப்பது நியாயந்தான். தனி மனிதர் வழக்குகளிலேயே, தன் பங்குத் தவறை மறைத்துவிட்டு வருகிற வாதியைக் கோர்ட்டுகள் கேள்வி கேட்கின்றனவே!

இரண்டாவது ஆட்சேபணை நம் தொழிலைச் சேர்ந்தது. இந்நீதிமன்றத்தில் சர்க்கார் வக்கீலும் எதிரி வக்கீலும் எதிரெதிரே நிற்பதில்லை. நீதிபதி, டாக்டர், நன்னடத்தை அதிகாரி இவர்களோடு ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இவனை என்ன செய்யலாம் என்று கலந்து பேசுகிறார்கள். கட்சிக்காரன் தன்னிடம் இரகசியமாகச் சொன்னதை வக்கீல் அங்கே சொல்வாரா, மறைப்பாரா? முப்பது நாள் சிறையோடு முடிந்திருக்கக்கூடிய வழக்கில் ஒன்றரை வருஷ மேற்பார்வையை ஏற்று, நடுவில் தவறி விழுந்து, முன்பே ஒப்புக்கொண்ட குற்றத்திற்காக முழுத் தண்டனையும் அடைகிறவன் லாபம் அடைந்தானா? குற்றத்தை மறுத்து வாதாட இடமுள்ளவன்கூட சிகிச்சை கிடைக்கும் என்ற ஆசையால் ஒப்புக்கொள்ள நேர்கிறது. நோயாளிக்கு மருந்து கொடுக்கக் குற்ற ஒப்புதல் எதற்கு? கலிபோர்னியா ராஜ்யம் 2015 முதல் சிறு குற்றங்களில் ஒப்புதலைக் கேட்காமலே படை வீரர்களைச் சிகிச்சைக்கு அனுப்பச் சட்டம் செய்திருக்கிறது. மற்ற ராஜ்யங்களும் பார்த்துச் செய்யத்தக்க திருத்தம் இது.

இவ்விரண்டையும்விடப் பெரியது, பேசுவோர் குறைவாக உள்ள மூன்றாவது விஷயம்: உள்ளே விடப்படாதவர்கள். நீதி இலாகாவின் 2011-12 கணக்கின்படி அமெரிக்கச் சிறைகளில் 1,81,500 முன்னாள் படை வீரர்கள் இருந்தார்கள்; கைதிகளில் நூற்றுக்கு 8 பேர். மற்ற ஜனங்களோடு ஒப்பிட்டால் படை வீரர்கள் சிறை புகும் விகிதம் சற்றுக் குறைவே என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. போரிலிருந்து திரும்பியவனெல்லாம் ஆபத்தானவன் என்று நினைப்பது தவறு. ஆனால் தண்டனை பெற்ற படை வீரர்களில் நூற்றுக்கு 64 பேர் பலாத்காரக் குற்றங்களுக்காகச் சிறையில் இருப்பவர்கள். மற்றக் கைதிகளில் இவ்விகிதம் 48-தான். சிகிச்சை நீதிமன்றங்களில் பலவோ பலாத்காரக் குற்றங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை! மனைவியை அடித்தவனைக் கைதட்டி அனுப்பினால் அடிபட்டவளுக்கு என்ன நியாயம் என்ற கேள்வி சாமானியமானதல்ல. அவள் பத்திரமாக இருக்கிறாளா என்று பார்க்காமல் அவனுக்குச் சிகிச்சை பேசுவதை நாமும் ஒப்பமாட்டோம். எனினும், கதவை முழுதும் மூடிவிட்டால், அக்காயத்தின் கொடிய விளைவு எவனிடம் வெளிப்பட்டதோ அவனே வெளியே நிற்கிறான். தண்டனை முடிந்து சிகிச்சையின்றித் திரும்பும்போது அதே வீட்டுக்குத்தான் திரும்புகிறான்.

அதைவிட அநியாயமாகக் கதவை மூடுவது ஒரு துண்டுக் காகிதம். ராணுவத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொருவனுக்கும் ஒரு டிஸ்சார்ஜ் பத்திரம் கொடுக்கிறார்கள். கௌரவமான விடுவிப்பு என்று அதில் எழுதியிருந்தால் எல்லாக் கதவும் திறக்கும். கௌரவத்திற்குக் குறைந்தது என்று எழுதிவிட்டால், படைவீரர் நல இலாகாவின் உதவிகளில் பெரும்பகுதிக்கு அவன் உரிமையிழக்கக் கூடும். நீதிமன்றமோ சிகிச்சைக்கு அந்த இலாகாவையே நம்பியிருக்கிறது. ஆகையால் சில நீதிமன்றங்கள் அத்தகையவனைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. சரி, எதற்காக அப்படி எழுதுகிறார்கள்? குடித்தான், உத்தரவை மீறினான், சொல்லாமல் போய்விட்டான், சண்டையிட்டான் என்பதற்காக. இவையெல்லாம் எந்த நோயின் குறிகள் என்று மேலே பார்த்தோம்.

இது நம் கற்பனையன்று. அமெரிக்கக் காங்கிரஸின் கணக்குத் தணிக்கை இலாகா 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை ஒழுங்கீனத்திற்காகப் படையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 57,141 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 62 பேருக்கு, விலக்கப்படுவதற்கு முந்திய இரண்டு வருஷங்களுக்குள் அதிர்ச்சி மனக்கோளாறு, மூளைக் காயம், அல்லது ஒழுங்கீனத்தோடு சம்பந்தமுள்ள வேறு கோளாறு இருப்பதாக ராணுவ வைத்தியர்களே கண்டு எழுதியிருந்தார்கள். அந்த 57,141 பேரிலும் 13,283 பேருக்குக் கௌரவத்திற்குக் குறைந்த டிஸ்சார்ஜே கிடைத்தது. ஒரு மேஜையில் டாக்டர் நோய் என்று எழுதுகிறார். அடுத்த மேஜையில் அதிகாரி குற்றம் என்று எழுதுகிறார். இரண்டு காகிதங்களும் ஒரே உறைக்குள் போகின்றன. பின்பு ஊரில் நீதிமன்றத்துக்கு வரும்போது இரண்டாவது காகிதத்தை மட்டும் படிக்கிறார்கள்.

இக்குறை அந்நாட்டார் கண்ணில் படாமலில்லை. 2014-ல் ராணுவ மந்திரி ஹேகல் என்பவர், அதிர்ச்சி மனக்கோளாறு உள்ளவர்களின் டிஸ்சார்ஜ் பத்திரத்தைத் திருத்தக் கோரும் மனுக்களைத் தாராள மனத்துடன் பரிசீலிக்குமாறு உத்தரவிட்டார். 2017-ல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. 2018-ல் ஒரு சட்டம், யுத்தப் பிரதேசத்தில் சேவித்தவர்களில் இவ்வகைப் பத்திரம் பெற்ற சிலருக்கு மனநல வைத்தியத்தை மாத்திரம் அனுமதித்தது. 2024-ல் நல இலாகா தன் விதிகளைத் திருத்தி, யுத்த சேவையையும் மனநோயையும் கணக்கிலெடுத்து உரிமை வழங்க இடம் செய்தது. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு மனிதனே முன்வந்து கேட்க வேண்டும். விடுபட்டுப் பதினைந்து வருஷங்களுக்குள் என்றால் ஒரு போர்டு; அதற்குப் பின் என்றால் வேறொரு போர்டு. முதலாவதற்கு 293 என்ற இலக்கமிட்ட நமூனாவைப் பூர்த்தி செய்ய வேண்டும். தனக்கு என்ன நேர்ந்தது, எப்போது நேர்ந்தது, அதனால் நடத்தை எப்படி மாறியது என்று எழுதி, டாக்டர் அத்தாட்சியும் சேர்ப்பது நல்லது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், செலவு அவனுடையது.

பஃபலோவில் ரஸ்ஸலின் முன் நின்ற வியட்நாம் வீரர், நீதிபதி நேரே கேட்ட கேள்விக்கே வாய் திறக்கவில்லை. அவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போக இரண்டு பேர் இருந்தார்கள். 293-ம் நமூனாவின் முன் உட்கார்ந்திருப்பவனை அழைத்துப்போக இன்னும் யாரும் நியமிக்கப்படவில்லை. நீதிமன்றத்து வழித்துணைவர்களில் சிலர் தாங்களாகவே மாலை வேளையில் பேனாவை எடுத்து உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறார்கள்.